வலது கண்ணை மூடிய மூன்று வருஷம்

என் பெண்ணுக்கு ஏழு வயது ஆகும்வரை அவளுடைய இடது கண் சரியாகப் பார்க்கவில்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. "பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா?" என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தெரியாமல்தான் இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மலையாள நாட்டில், கரமனையில், ஆற்றுக்குப் போகிற ஒரு தெருவில் குடியிருந்தோம். நான் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்களுக்கு ஒரே பெண். காலையில் சமையல் முடித்து, அவளுக்குத் தலை பின்னி, மூன்று பேருக்கும் டப்பாவில் சாதம் அடைத்து, பஸ்ஸுக்கு ஓடுவேன். சாயங்காலம் அதே மாதிரி ஒரு பஸ்ஸில் நின்றபடியே திரும்பி வருவேன். அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது கால் வலிதான்.

பள்ளிக்கூடம் திறந்து மழையும் பிடித்துக்கொண்ட ஒரு ஜூன் மாதம், அவளுடைய வலது கண்ணில் கட்டி வந்தது. இமை முழுக்க வீங்கிக் கண் மூடிப்போயிற்று. காலையில் எழுந்து வந்தவள் கூடத்தின் நடுவில் நின்றாள். நான் அடுக்களையில் இருந்தேன்.

"அம்மா, ஆரோ ஒரு மாமா வந்து நிக்கறார்."

எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் அவள் அப்பாவின் நனைந்த சட்டையும் குடையும் தொங்கிக்கொண்டிருந்தன.

"எங்கேடி?"

"அதோ. உயரமா, கறுப்பா."

"பல் தேய்க்கப் போ, நாழியாச்சு" என்றேன். எனக்குப் பஸ்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை. சட்டையைப் பார்த்து, "உக்காருங்கோ மாமா" என்றாள். குரலில் விளையாட்டு இல்லை. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். அவள் முகத்துக்கு நேராக விரல்களை நீட்டினேன். கிட்டே வைத்தபோது சரியாக எண்ணினாள். நான் பின்னால் நகர்ந்து சுவரோரம் நின்றதும், "அம்மா, நீ கையைக் காட்டறியா, இல்லை வெறுதே நிக்கறியா?" என்று கேட்டாள்.

அன்று ஆபீஸுக்கு லீவு சொல்லி அனுப்பினேன். அந்த வருஷம் எடுத்த லீவுகளில் அது முதலாவது.

கட்டி உடைந்து ஆறுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. வலது கண் திறந்ததும் அவள் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டாள். "பாரு, எல்லாம் சரியாப் போச்சு" என்றார் என் கணவர். எனக்கு அந்தச் சட்டை மறக்கவில்லை. அவளை அழைத்துக்கொண்டு சர்க்கார் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீளமான வராந்தா, சுவரோடு சுவராகப் பெஞ்சுகள், எல்லாப் பெஞ்சிலும் குழந்தைகள். காத்திருந்த நேரத்தில் மற்ற அம்மாக்களோடு பேசினேன். ஒருத்தியின் மகன் புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கிறான், கரும்பலகை தெரியவில்லை என்று அவனே சொல்லிவிட்டான். இன்னொருத்தியின் குழந்தைக்கு ஒன்றரைக்கண், பார்த்த உடனே தெரிகிறது. வேறொரு பெண்ணுக்குப் படித்தால் தலைவலி. என் பெண்ணுக்கு இது எதுவுமே இல்லை. இரண்டு கண்ணும் அழகாக, நேராக இருந்தன. பலகையில் எழுதுவதைப் பிசகாமல் எழுதிக்கொண்டு வந்தாள். ஊசி கோக்க மட்டும் வராது. பந்தைப் பிடிக்க மாட்டாள். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடமாட்டாள். பயந்த சுபாவம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. பேசியது மலையாளம், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். வலது கண்ணை அட்டையால் மூடிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினார். உச்சியில் இருந்த ஒரே பெரிய எழுத்தைக்கூட அவள் இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள். அட்டையை இடது கண்ணுக்கு மாற்றியதும் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தாள். நான் பக்கத்தில் நின்று இரண்டையும் கேட்டேன்.

மூன்று நாள் கண்ணில் களிம்பு போட்டு அழைத்து வரச் சொன்னார். அந்தக் களிம்பு கண்மணியை விரித்துவிடும். வெளிச்சம் கூசி, மூன்று நாளும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் இருட்டறையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் விளக்கினார். இடது கண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே பவர் அதிகம், வலது கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஒரு கண்ணிலிருந்து தெளிவான படமும் இன்னொன்றிலிருந்து கலங்கிய படமும் போனால், மூளை கலங்கியதை ஒதுக்கிவிடும். நாளாக ஆக, அந்தக் கண்ணைக் கேட்பதையே விட்டுவிடும்.

"கண்ணாடி போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி படத்தைத் தெளிவாக்கும். அந்தப் படத்தை வாங்கிக்கொள்ள மூளையைப் பழக்க வேண்டும். அதற்கு நல்ல கண்ணை மூட வேண்டும்."

"நல்ல கண்ணையா?"

"ஆமாம். தினமும் ஆறு மணி நேரம். ஏழு வயதாகிவிட்டது. ஒன்பது, பத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் பலன் இல்லை. இப்போதே தாமதம்தான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெளியே இன்னும் வரிசை நின்றது. தாமதம்தான் என்ற அந்த வார்த்தையோடு பஸ் ஏறினேன்.

கண்ணாடி வந்தது. பழுப்பு நிறச் சட்டம். வலது பக்கம் வெறும் கண்ணாடி. இடது பக்கம் நடுவில் புடைத்த கனமான சில்லு. அதன் வழியாகப் பார்த்தால் இடது கண் மட்டும் பெரிதாகத் தெரியும். எதிர்வீட்டு மாமி அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொண் கொழந்தைக்கு இப்பவே கண்ணாடியா? வேற டாக்டர்கிட்ட காட்டப்படாதோ?" என்றாள். கண்ணாடிக்கு அடியில், வலது கண்மேல் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். அது வேறு.

முதல் வாரம் ஒட்டியபடியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். நல்ல கண்ணை மூடியதும் அவளுக்குப் பலகை இல்லாமல் போயிற்று. முதல் பெஞ்சில் உட்கார வைத்தும் தெரியவில்லை. வகுப்பில் "ஒற்றைக்கண்ணி" என்றார்கள். நம் ஊர் வேர்வையில் பிளாஸ்திரி மத்தியானத்துக்குள் பாதி கிளம்பிவிடும். ஒட்டிய இடத்தில் தோல் சிவந்து தடிக்கும். இரண்டாவது வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மாதிரிதான், ஆனால் அவருக்கும் கை நிறையப் பிள்ளைகள். "அம்மே, கண்ணு சுகமாயிட்டு கொண்டுவந்தா போராதா?" என்றார். நான் டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். சொல்லும்போதே, நல்ல கண்ணை மூடுவதுதான் வைத்தியம் என்பது எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

அப்புறம் சாயங்காலத்துக்கு மாற்றினேன். அவள் நாலு மணிக்கு வந்துவிடுவாள். அவள் அப்பா நாலரைக்கு வருவார். நான் வீடு சேர ஆறு ஆகும். ஆறு மணிக்கு நான் உள்ளே நுழையும்போது பிளாஸ்திரி சுருள் அலமாரியில் வைத்த இடத்திலேயே இருக்கும்.

"ஏன்னா, ஒட்டலையா?"

"அவ அழறா. என்னால முடியலை. நீ சொன்னா கேப்பா."

நான் சொன்னாலும் அவள் கேட்கவில்லை. நான் அவளைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு ஒட்டுவேன். அவ்வளவுதான் வித்தியாசம். நான் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தாலே அவள் கொல்லைப்பக்கம் ஓடுவதாக மாமி சொன்னாள். நாள் முழுவதும் அடுத்தவர்களுடைய கடிதங்களை அடித்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வந்து, வீட்டு வாசலில் குழந்தை என்னைப் பார்த்து ஓடுவது. இதைப் பற்றி அவரிடம் நான் சண்டை போட்டதில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டும்.

நவராத்திரிக்கு முன்னால் ஒருநாள், பிளாஸ்திரியோடு வாசலில் இறங்கியவள் சாக்கடைமேல் போட்டிருந்த கல்லைத் தவறவிட்டு விழுந்தாள். முகவாய் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவள் என் மடியில் படுத்து, "அம்மா, மதிம்மா" என்றாள். போதும் என்பதற்கு மலையாள வார்த்தைதான் அவள் வாயில் வரும். மறுநாள் நான் பிளாஸ்திரியைத் தொடவில்லை. தையல் ஆறட்டும் என்று நினைத்தேன். ஆறியது. அப்புறம் பண்டிகை. அப்புறம் ஆபீஸில் வேலை நெருக்கடி. சுருள் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் காப்பியைச் சூடு ஆறாமல் குடிக்க முடிந்தது. உள்ளதைச் சொன்னால், அந்த இரண்டு மாதமும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள் வந்தது. போகாமல் இருந்திருக்கலாம், அதற்கும் தைரியம் வரவில்லை. டாக்டர் வலது கண்ணை மூடிவிட்டுப் படிக்கச் சொன்னார். பெரிய எழுத்து ஒன்று; அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"தினமும் ஒட்டுகிறீர்களா?"

"ஒட்டறேன்" என்றேன்.

அவர் குழந்தையைப் பார்த்துத் திரும்பினார். "அம்மா தினமும் ஒட்டுகிறாளா மோளே?"

என் பெண் என்னைப் பார்க்கவில்லை. நேராக டாக்டரைப் பார்த்து, "ஆமா, ஆறு மணிக்கூர். நான் அழவே மாட்டேன்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே, அடுத்த நோயாளி கதவருகில் நிற்கும்போதே அழுதுவிட்டேன். "இல்லை டாக்டர், ரெண்டு மாசமா ஒட்டலை. என்னால முடியலை" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல் பதிந்திருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"உங்களுக்கு மட்டுமில்லை. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மணி நேரம் முடியவில்லையென்றால் இரண்டு மணி நேரம் ஒட்டுங்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் கிட்டத்தில் பார்க்கிற வேலையாகக் கொடுங்கள். சும்மா உட்கார வைக்காதீர்கள். வீட்டில் வேறு யாரும் இல்லையா?"

"அவ அப்பா இருக்கார்."

"அவர் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அதை என் கணவரிடம் அப்படியே சொன்னேன், குழந்தை சொன்ன பொய்யையும் சேர்த்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரே சுருளை எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். நான் அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்ப்பா, எரியறது."

"இத்தனூண்டு பிளாஸ்திரி என்ன பண்ணும்? பேடிக்காதே."

"அப்போ நீ ஒட்டிண்டு பாரு. உனக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். "இவ்வளவுதானே?" என்று சொல்லிப் பஞ்சு வைத்துத் தன் வலது கண்ணில் ஒட்டிக்கொண்டார். அவள் கைகொட்டிச் சிரித்தாள். "இப்போ பேப்பர் படி" என்று நாளிதழை அவர் மடியில் போட்டாள். சிரிப்புச் சத்தம் நின்றது.

"இங்கே கொஞ்சம் வாயேன்" என்று என்னைக் கூப்பிட்டார்.

போனேன். பேப்பரை நீட்டிப் பிடித்திருந்தார். கிட்டே கொண்டுவந்தார். மறுபடி நீட்டினார்.

"இது இன்னிக்குப் பேப்பர்தானே? மை சரியாப் பிடிச்சிருக்கா?"

"நன்னாத்தான் இருக்கு."

"எனக்குத் தலைப்பு மட்டும்தான் தெரியறது. கீழே எல்லாம் சாம்பலாட்டம் இருக்கு."

பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்துவிட்டுக் கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். இப்படி எத்தனை தடவை மாற்றி மாற்றி மூடினார் என்று தெரியவில்லை. அவருக்கு அப்போது நாற்பத்தொன்று. அதற்கு முன்னால் ஒரு தடவைகூட ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதையும் படித்துப் பார்த்ததில்லை. எதற்காகப் பார்க்க வேண்டும்?

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷமாக அவர் காப்பி ஆற்றும்போது டவராவுக்கு வெளியே ஊற்றுவார்; நான் கத்துவேன். கல்யாணத்தில் மாலை மாற்றும்போது மாலையை என் காதில் மாட்டிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு அவமானமாக இருந்தது. கவனக்குறைவு, அசிரத்தை என்று எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்.

"சின்ன வயசுல பந்து பிடிக்கத் தெரியலைன்னு அண்ணா அடிப்பான்" என்றார். "நான் மண்டுன்னுதான் நினைச்சிண்டிருந்தேன்."

அவள் கேட்டாள்: "அப்பா, உனக்கும் புகையா இருக்கா?"

"ஆமாடி, புகையாத்தான் இருக்கு."

மறுவாரம் அவர் ஆஸ்பத்திரிக்கு எங்களோடு வந்தார். டாக்டர் சோதித்துவிட்டு, அதே கண், அதே குறை, குடும்பத்தில் வருவதுண்டு என்றார். "எனக்கு ஏதாவது பண்ண முடியுமா?" என்று அவர் கேட்டார். குழந்தை மாதிரி கேட்டார். முடியாது, அந்த வயது போய்விட்டது என்றார் டாக்டர். என் கணவர் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

அன்றிலிருந்து பிளாஸ்திரி அவர் பொறுப்பு. நாலரைக்கு வந்து சட்டையைக் கழற்றினவுடன் ஒட்டுவார். என்ன வேலை கொடுப்பது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மலையாளத்தில் 'ம்' என்ற சத்தத்துக்கு வார்த்தையின் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுவார்கள். நாளிதழில் ஒரு பக்கத்தில் அது கணக்கில்லாமல் இருக்கும். சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வட்டத்துக்கு உள்ளேயும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். முதல் மாதம் தலைப்புகளில் மட்டும். அப்புறம் தலைப்புக்குக் கீழே உள்ள நடுத்தர எழுத்து. புள்ளி வட்டத்துக்கு வெளியே விழும், தாளைக் கிழிக்கும், பென்சிலை வீசி எறிவாள். அவர் எடுத்துச் சீவிக் கொடுப்பார். சில நாள் அவள் புரண்டு அழுவாள். அவர் பொறுமை இழந்து கத்துவதும் கேட்கும். எங்கள் வீடு அதனால் சந்தோஷமான வீடாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆறு மணிக்கு நான் வரும்போது இரண்டு பேருமே சோர்ந்துபோய், ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். நான் போய் அடுப்பு மூட்டுவேன். ஆனால் என்னைப் பார்த்து யாரும் ஓடவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பலகையில் மூன்றாவது வரி. அப்புறம் நெடுநாள் அங்கேயே நின்றது. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு எழுத்துக்கூட நகரவில்லை. டாக்டர், "விடாதீர்கள்" என்பார், நாங்கள் தலையாட்டுவோம். பிறகு நாலு, பிறகு ஐந்து. விளம்பரங்களின் பொடி எழுத்தில் அவள் புள்ளி வைக்க ஆரம்பித்தபோது அவருக்கே அந்த வட்டங்கள் நல்ல கண்ணால்கூடச் சிரமப்பட்டுத்தான் தெரிந்தன. அவருக்கும் வெள்ளெழுத்து வர ஆரம்பித்திருந்தது. அவளைக் கேட்டுத்தான் சரிபார்ப்பார்.

அவளுக்குப் பத்து வயது முடிகிற சமயம் டாக்டர் ஒருநாள் சீட்டில் எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். கடைசிக்கு முந்தைய வரி வரை வந்திருக்கிறது, இதற்குமேல் போகாது, இனி ஒட்ட வேண்டாம், கண்ணாடியை மட்டும் விடாமல் போட்டுக்கொள்ளட்டும் என்றார். இடது கண் ஒருநாளும் வலது கண் மாதிரி ஆகாது என்றும் சொன்னார். அது அப்படியேதான் இருக்கிறது; இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் அவள் இடது கண்ணால் படிக்க முடியாது. கார் ஓட்டுகிறாள், ஊசி கோக்கிறாள்.

அன்றைக்கு அவள் துள்ளிக்கொண்டு வராந்தாவில் ஓடினாள், அப்பாவிடம் பள்ளிக்கூடத்திலேயே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை.

"அம்மா, அழறியா?"

"இல்லைடி. க்ஷீணமா இருக்கு."

பக்கத்தில் ஒரு பெண், கண்ணில் கட்டுப்போட்ட கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தாள். "கொஞ்சம் வெள்ளம் வேணோ?" என்று கேட்டு ஒரு பாட்டிலை நீட்டினாள். தண்ணீர் குடித்தேன். மத்தியானம் ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன், போகவில்லை. பெண்ணை அவள் அப்பாவின் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் கூடத்தில் வெறுந்தரையில் படுத்தேன். எழுந்தபோது விளக்கேற்றும் நேரமாகியிருந்தது. அவர்கள் இருவரும் எப்போதோ வந்து, என்னை எழுப்பாமல், தாங்களே காப்பி போட்டுக் குடித்திருந்தார்கள்.